கூலிக் கணக்கும் சொல்லடைவும்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான் பொம்மை. ஆனால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பொம்மை மட்டுமா பிறக்கிறது? அகல், ஜாடி, பியூஸ் கட்டை என்று பலவும் சூளை ஏறுகின்றன. பொம்மைக்கு வண்ணத்தைக் குறிக்க வேண்டும். பியூஸ் கட்டைக்கு ஆம்பியரைக் குறிக்க வேண்டும். அகலுக்கு இரண்டும் வேண்டாம். ஒரே மாதிரிக் கட்டம் போட்ட பேரேட்டில் இவை அடங்குமா? இத்தகைய அரைக் கட்டமைப்புத் தரவுக்காகவே போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 2014-இல் தன் 9.4 பதிப்பில் ஜேசான்பி என்ற வகையைத் தந்தது. ஒவ்வொரு வரியும் தனக்கு வேண்டிய தலைப்புகளைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

என் தாயார் வண்ணம் தீட்டும் பட்டறையில் கணக்கு இவ்வாறே இருக்கிறது. மூன்றாண்டுகளில் மூன்று லட்சம் வரிகளுக்கு மேல். சனிக்கிழமை மாலை கூலி. நாற்பது பெண்கள், ஆளுக்கு ஆறேழு வகைப் பொருள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பழைய கணிப்பொறி ஏழு விநாடி யோசிக்கும். வரிசையின் கடைசியில் நிற்பவருக்குப் பணம் கைக்கு வருமுன் கிராமத்துப் பேருந்து போய்விடும். பெரும்பாலும் கடைசியில் நிற்பவர் என் தாயார்தான்.

விடுமுறையில் அதைப் பார்க்க அனுமதி கேட்டேன். வேடிக்கை என்னவென்றால், ஜின் என்னும் அடைவு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது! உ.வே.சா. பதிப்பித்த நூல்களின் இறுதியில் அரும்பத அகராதியைப் பார்த்திருப்பீர்கள். சொல்லைத் தேடினால் இடம் தெரியும். ஜின்னும் அப்படித்தான். ஆனால் கேள்வி, "ஒவ்வொரு வரியிலும் பெயரை எடுத்துத் தா, இன்னாரா என்று பார்க்கிறேன்" என்ற நடையில் எழுதப்பட்டிருந்தது. அகராதியை மூடிவைத்து முதற் பக்கத்திலிருந்து நூலைப் புரட்டுவது போன்றது இது. எக்ஸ்ப்ளெயின் கட்டளை இதை அப்படியே காட்டிக்கொடுத்தது. "இந்தப் பெயரும் இந்தப் பொருளும் அடங்கிய வரிகள் எவை?" என்று அடக்கக் குறியால் கேட்டவுடன் அடைவு விழித்துக்கொண்டது. பொருள் ஒன்றே; கேட்கும் விதம்தான் வேறு.

'இந்த வாரம்' என்ற வரம்பு மட்டும் ஜின்னுக்குப் பிடிபடாது. எல்லா வரியிலும் தவறாமல் வருவது தேதி. அதை உறைக்குள் ஒளித்து வைப்பானேன்? தனிப் பத்தியாக வெளியே எடுத்து, வழக்கமான பி-ட்ரீ அடைவு போட்டேன். புதிய வரி எழுதும்போது அடைவுகளையும் திருத்த வேண்டியிருப்பதால் சிறிது தாமதம் உண்டு. பகலில் அதை யார் கவனிக்கிறார்கள்?

இப்போது விநாடிக்குள் விடை வருகிறது. அம்மாவும் பேருந்தைப் பிடித்துவிடுகிறார். எனினும் சுவரில் கரிக்கோடு போட்டுத் தம் கணக்கை வைத்துக்கொள்வதை அவர் விடவில்லை. இரண்டும் ஒத்தால்தான் கையெழுத்து.