மகாபலேஸ்வரப் பாதையில் இரு வண்டிகள்

மோட்டார் சைக்கிள் வாங்குவது என்பது நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் காரியம். கூட்டுறவுச் சங்கக் கடன், இல்லாளின் சிறுசேமிப்பு, போனஸ் பணம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால்தான் அது கைகூடும். ஆகவே, தாழ்ந்த இருக்கையுடைய குரூஸர் வகையா, நெடும்பயணத்துக்கென்றே அமைந்த டூரிங் வகையா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தபோது, கடையில் கொடுக்கும் வண்ணத் தாள்களை நம்பி முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். புனேயிலிருந்து மகாபலேஸ்வரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலை, கிராமச் சாலை, மலைப்பாதை மூன்றும் அதில் அடக்கம். பரீட்சைக்கு இதைவிடத் தகுந்த பாதை இப்பக்கத்தில் இல்லை.

இவ்விரு வகைகளையும் அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். குரூஸர் என்பது அமெரிக்க நாட்டின் அகன்ற, நேரான சாலைகளில் வளர்ந்த வடிவம். 1903-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தொடங்கப்பெற்ற ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் வண்டிகளே அதற்கு முன்மாதிரி. இருக்கை தாழ்ந்திருக்கும், கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும், கைப்பிடி ஓட்டுபவரைத் தேடி வளைந்து வரும். சாய்வு நாற்காலியில் அமர்ந்த பாவனை. டூரிங் வண்டியிலோ முதுகு நிமிர்ந்திருக்கும். பாதங்கள் முழங்காலுக்குக் கீழேயே ஊன்றியிருக்கும். முன்னே காற்றுத் தடுப்பும் பின்னே மூட்டை கட்ட இடமும் உண்டு. 1980-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி கரடுமுரடான பாதைக்கும் ஏற்றதாக ஒரு வண்டியை வெளியிட்ட பின்னர், உயரமான டூரிங் வண்டிகள் உலகெங்கும் பரவின. நம் நாட்டுக் கடைகளில் டூரிங் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அவ்வழி வந்தவையே.

நம்மவர்க்கு ஒரு பெருமையும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. இன்று அக்கம்பெனியின் குரூஸரான மீட்டியரும், டூரிங் வண்டியான ஹிமாலயனும் சென்னையை அடுத்த ஆலைகளிலிருந்தே வெளிவருகின்றன. இமயத்தின் பெயரைத் தாங்கிய வண்டி பிறப்பது வங்கக் கடலோரத்தில்!

என் அலுவல் ரயில்வே பார்சல் பிரிவில். மாற்றலாகிப் போகும் இராணுவ வீரர்களும், படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர்களும் தங்கள் வண்டிகளை எங்களிடம்தான் ஒப்படைக்கிறார்கள். பெட்ரோல் தொட்டியைச் சொட்டு இல்லாமல் வடித்துவிட வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலும் அடையாளச் சீட்டும் வேண்டும். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டி, அனுப்பும் நிலையத்தையும் சேரும் நிலையத்தையும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவே வண்டிகளை உற்றுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. குரூஸரைக் கொண்டுவருபவர் கைக்குட்டையால் அதன் பளபளப்பான குழாயைத் துடைத்துக்கொண்டே நிற்பார். டூரிங் வண்டிக்காரர் சேற்றோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தேநீர் தேடிப் போய்விடுவார். இது பொது விதி அன்று. ஆனால் பெரும்பாலும் இப்படித்தான்.

எங்களுக்கு இது வெறும் ரசனைக் கேள்வியாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பின்னர் என் மனைவிக்கு இடுப்பு வலி நிலைத்துவிட்டது. அதிர்ச்சி படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். பழைய ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து வருவதை அவள் சென்ற ஆண்டே நிறுத்திவிட்டாள். கோயிலுக்கும் சங்க விழாவுக்கும் நான் தனியே வர, அவள் குழந்தைகளோடு ஆட்டோவில் வருவது வழக்கமாயிற்று. வாங்கும் வண்டியில் அவள் ஏற முடியாவிடில் அவ்வண்டி எனக்கு எதற்கு?

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். அலுவலக நண்பராகிய மராட்டியர் ஒருவர் தம் குரூஸரை இரண்டு நாளுக்கு இரவல் தந்தார். டூரிங் வண்டி என் மைத்துனனுடையது. அவற்றின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை; வகைதான் நமக்கு முக்கியம். வலி பொறுக்காவிட்டால் உடனே நிறுத்திவிடுவது, வாயிலிருந்து பேருந்தில் திரும்பிவிடுவது என்று முன்னதாகவே பேசிக்கொண்டோம்.

காத்ரஜ் கடந்ததும் பெங்களூர் நெடுஞ்சாலை. அங்கே குரூஸர் தன் குணத்தைக் காட்டியது. மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயந்திரம் அவசரமின்றி ஒரே தாளத்தில் ஒலிக்க, கைகள் தளர்ந்து, தோள் இறங்கி, எனக்கு ஒரு ஜமீன்தாரின் நிலை வந்துவிட்டது. சிர்வலில் நீரா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கதிரவன் எழுந்தான். தேநீர்க் கடையில் நிறுத்தியபோது இரண்டு பையன்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எடுப்பு என்ற ஒன்றில் குரூஸருக்கு நிகர் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

(மும்பை அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மும்பை – புனே விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. லோணாவளா வழியாகப் பழைய சாலையிலேயே வர வேண்டும்.)

கம்பட்கி மலையேற்றத்தைக் கடந்து, சுரூர் பிரிவில் வலப்புறம் திரும்பியதும் நிலைமை மாறியது. வாய் நகரம் வரை கிராமச் சாலை. வேகத்தடைகளும், தடையென்று எழுதாத மேடுபள்ளங்களும் நிறைந்தது. குரூஸரில் கால்கள் முன்னே நீண்டிருப்பதால் உடலின் பாரத்தைக் கால் தாங்குவதில்லை. முழுவதும் இடுப்பின் அடியிலேயே இறங்குகிறது. மேடு வரும்போது சற்றே எழுந்து நின்று தப்பிக்கவும் வழியில்லை. இருக்கையைத் தாழ்த்தி அமைக்க வேண்டியிருப்பதால் இவ்வகை வண்டிகளில் பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் இறங்கி ஏறும் தூரமும் பொதுவாகக் குறைவு. பின்னிருக்கை அச்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. பஞ்சு எவ்வளவு தடித்திருந்தாலும் அடி அடிதான். என் தோளைப் பற்றியிருந்த கை இறுகுவதை உணர்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வாயில் கிருஷ்ணா நதிக்கரைப் படித்துறையில் இறங்கி முகம் கழுவினோம். டோல்யா கணபதி கோயில் அங்கேதான் இருக்கிறது. 1762-இல் ராஸ்தே குடும்பத்தார் கட்டியது. பெயருக்கேற்பப் பெருத்த திருமேனி. இந்த நதியின் நீர்தான் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் வழியே 1996 முதல் சென்னைக்கும் போகிறது என்று மைத்துனன் நினைவூட்டியதும், என் மனைவி இன்னும் ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு படியில் அமர்ந்து, “பார்க்கிறவர்களுக்கு அழகு, பின்னால் இருக்கிற எனக்கு வலி. மேலே போவதானால் தம்பியின் வண்டியில் போகலாங்க” என்றாள். பேருந்தைப் பற்றி நான் கேட்டேன். முதலில் அதையும் பார்த்துவிடலாம் என்றாள்.

ஏறுவது பெரும்பாடாயிற்று. இங்கே சில அளவுகளைச் சொல்லுவது பயன்படும். பஜாஜ் அவெஞ்சர் குரூஸரின் இருக்கை தரையிலிருந்து 737 மில்லிமீட்டர், மீட்டியர் 765. முதலில் வந்த 411 சி.சி. ஹிமாலயன் 800, 2023-இல் அதன் இடத்துக்கு வந்த 452 சி.சி. வண்டியில் 825, சுசுகியின் 250 சி.சி. வீ ஸ்ட்ராமில் 835. பின்னிருக்கை இவற்றினும் உயரம். சேலை கட்டிய பெண்கள் காலைத் தூக்கிப் போட்டு ஏறக்கூடியவை அல்ல இவை. அன்று என் மனைவி சுடிதாரில் வந்திருந்தும் சிரமப்பட்டாள். மைத்துனன்தான் வழி கண்டான். “அத்தான், படித்துறை மேடைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துங்கள்” என்றான். ரயில் பெட்டியில் ஏறுவதுபோல மேடையிலிருந்து ஒரே அடியில் அமர்ந்துவிட்டாள். பிளாட்பாரத்திலேயே காலம் கழிக்கும் எனக்கு இது தோன்றவில்லை!

வாயிலிருந்து பசர்ணி மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவாக ஏறுகிறது; கீழே தோம் அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடுபோல் விரிகிறது. டூரிங் வண்டியின் அகன்ற கைப்பிடி கொண்டை வளைவுகளில் எளிதாகத் திரும்பியது. பள்ளத்தைக் கண்டதும் பாதங்களை ஊன்றி அரை அங்குலம் எழுந்தால் போதும். முதல் ஹிமாலயனில் பின்சக்கரம் 180 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் இயங்க இடம் வைத்திருந்தார்கள். இவ்வகை வண்டிகளின் ரகசியம் அதுவே. பாதி மலையில் நிறுத்தி, “எப்படி இருக்கிறது?” என்றேன். “நிறுத்தாமல் போங்கள்” என்று பதில் வந்தது.

ஆனால் பஞ்ச்கனிச் சந்தையருகே டூரிங் வண்டியின் குறையும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கார்களின் வரிசை, ஏற்றத்தில் அசையாமல் நின்றுவிட்டது. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் மூட்டை. சாய்ந்தால் தாங்க முடியுமா என்ற அச்சத்தில் வியர்த்துவிட்டது. குரூஸரில் வந்த மைத்துனனோ இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். நகரத்து நெரிசலில் தாழ்ந்த இருக்கை எத்துணைப் பெரிய பாதுகாப்பு என்பதை உயரம் குறைந்தவர்களே அறிவார்கள்.

மகாபலேஸ்வரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,350 மீட்டர். பழைய மகாபலேஸ்வரத்தில் பஞ்சகங்கைக் கோயிலின் கல் பசுவின் வாயிலிருந்து நீர் விழுகிறது. கிருஷ்ணையின் பிறப்பிடம் இது என்பது ஐதீகம். காலையில் படித்துறையில் கண்ட நதியை மாலையில் தொட்டிலில் கண்டோம். அன்றிரவு என் மனைவி வலி மாத்திரையை நாடாமல் உறங்கினாள்.

மறுநாள் காலை நான் மட்டும் குரூஸரை எடுத்துக்கொண்டு, போலாத்பூர் செல்லும் ஆம்பேநளி மலைப்பாதையில் பிரதாப்கட் வரை இறங்கினேன். 1659-இல் சிவாஜியும் அப்சல்கானும் சந்தித்த இடம் அக்கோட்டையின் அடிவாரம். சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் எத்தனை வளைவுகள் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். தாழ்ந்த வண்டி ஆதலால் சற்று அதிகம் சாய்த்ததும் கால்வைப்புக் கம்பி சாலையில் உரசிக் ‘கிறீச்’ என்றது. அதன் பின்னர் மாட்டு வண்டி வேகம்தான். கோட்டை மட்டும் மிக அழகு.

புனே திரும்பியதும் கணக்குப் பார்த்தோம். என் வருடத்தில் முந்நூறு நாட்கள் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே கழிபவை. அவற்றுக்குக் குரூஸரே சுகம். நேரான நெடுஞ்சாலையில் தனியே செல்பவர்க்கும், உயரம் குறைந்தவர்க்கும், வண்டியின் தோற்றத்தில் மகிழ்ச்சி காண்பவர்க்கும் அதையே நான் பரிந்துரைப்பேன். அந்த மகிழ்ச்சியை அற்பமென்று சொல்லமாட்டேன். ஆனால் சஹ்யாத்ரியின் மடியில் குடியிருந்துகொண்டு, மனைவியையும் உடனழைத்துச் செல்ல விரும்புகிறவன் டூரிங் வண்டியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. விலையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. எனவே 250 சி.சி. டூரிங் வண்டி ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன்.

இருக்கையின் பஞ்சைக் கொஞ்சம் செதுக்கித் தாழ்த்தித் தருவதாகத் தையற்காரர் ஒருவர் கூறியிருக்கிறார். முன்னிருக்கையை மட்டும் செதுக்க வேண்டும், பின்னிருக்கையில் கை வைக்கக்கூடாது என்பது இல்லாளின் கட்டளை. சங்கக் கட்டட வாசலில் இரண்டு படி உயரத்துக்கு ஒரு திண்ணை இருக்கிறதல்லவா? பொங்கல் விழாவன்று அதன் ஓரத்தில் வேறு வண்டிகளை நிறுத்தாமல் எனக்குச் சற்று இடம் விட்டுவைக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.