பார்க்கிற கூலி

பொக்லைன் எஞ்சின் ஓடுகிறது, பூம் தூக்கவில்லை என்றால் ஆரணிப் பக்கம் முதலில் வரும் பேச்சு, "பம்ப் போச்சு." கழற்றினால் வண்டி பல நாள் நிற்கும். பூம், பக்கெட், சுழற்சி, ஓட்டம் எல்லாமே ஒன்றாக நின்றிருந்தால் நான் சீட்டுக்குப் பக்கத்திலுள்ள சேஃப்டி லிவரைத்தான் பார்ப்பேன். அதனோடு ஒரு சுவிட்ச் இருக்கும். லாக் எடுத்தால்தான் பைலட் சோலனாய்டுக்கு 24 வோல்ட் போகும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஜாய்ஸ்டிக் வெறும் குச்சி. ஃபியூஸ், சுவிட்ச், சோலனாய்டு பிளக், எர்த் என்று மல்டிமீட்டரோடு வரிசையாகப் போக வேண்டும்.

போன மாதம் ஒரு வண்டியில் எர்த் ஒயர் முனை துருப்பிடித்திருந்தது. சுரண்டி முறுக்கினேன், பூம் எழுந்தது. "பார்ட்ஸே மாத்தலையேம்மா" என்று ஓனர் 100 ரூபாய் நீட்டினார். பம்ப் போச்சு என்று சொல்லிவிட்டுப் போன அண்ணனுக்குப் பார்த்த கூலி 500.

அம்மாவுக்கும் இதே கணக்குத்தான். தார் சுற்றுவாள், தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பாள். சேலைக் கூலி அப்பா பேரில் வரும்.

இப்போது மீட்டரை எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பார்க்க 500, மாற்றுவது தனி. சிலர் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள்.