கொறங்காட்டுப் பக்கம்

ஆகஸ்ட் 27, 2025, புதன்
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேகும்போது டிவியில் செய்தி. இன்றிலிருந்து நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீதம் வரி. எங்கள் கம்பெனி பனியன் முழுக்க அங்கேதான் போகிறது.

ஆகஸ்ட் 29
சூப்பர்வைசர் போன் பண்ணினார். “திங்கக்கிழமை வர வேண்டாம்மா, சொல்லியனுப்பறோம்.”

ஆகஸ்ட் 31, ஞாயிறு
“ஊட்டுல உக்காந்து என்ன பண்றது, பொறப்படு” என்று வண்டியை எடுத்தார் வீட்டுக்காரர். புளிச்சோறு கட்டிக்கொண்டேன். அவிநாசிபாளையத்திலிருந்து காங்கயம், அங்கிருந்து பழையகோட்டை. ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணி. காங்கயம் மாடுகளை இத்தனை கிட்டத்தில் பார்த்ததேயில்லை. கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் போனால் மயிலையாகிவிடுமாம். நிறம் மாறுகிற பருவத்தில் ஒன்று நின்றது. முதுகு வெளுத்து, காதோரம் மட்டும் இன்னும் சிவப்பு. அவர் விலையே கேட்டுவிட்டார்! எனக்குச் சிரிப்பு வந்தது, எத்தனை நாளைக்கப்புறம்.

திரும்பும்போது சிவன்மலை. வரப்போவதைச் சொல்லும் என்று நம்பப்படும் பொருளாக, கோயில் உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க அவர் போனார். நான் போகவில்லை, பயம்.

தினம் கம்பெனி வேனில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற ஊர்கள்தான் எல்லாம். வழியில் ஒரு கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டு, வேலியோரம், வெள்வேல் மர நிழலில் சாப்பிட்டோம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே பெரியவர் ஒருத்தர் படலைச் சாத்தி முள்ளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கய்யா, ஆடு மாடு ஒண்ணையுங் காணமே, சும்மாவா கெடக்குது?”

“சும்மாக் கெடக்கலீங் அம்மிணி. மேஞ்ச காட்டை அடைச்சுப் போட்டிருக்குது. அதுக பக்கத்துக் காட்டுல மேயுது. ஐப்பசி மழை உழுந்தா கொழுக்கட்டைப் புல்லு தானா வரும். பொறுக்க மாட்டாம உழுதுட்டா, போச்சு.”

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம்.

செப்டம்பர் 1
போன் வரவில்லை.

செப்டம்பர் 4
குழுக் கடன் தவணைக்குச் சண்டை. தையல் மெஷினை விற்றுவிடலாம் என்றார். 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினபோது அவருக்கு வேலை போய், இந்த மெஷினில்தான் நாங்கள் சாப்பிட்டோம். விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் போட்டு, துணி மூடி வைத்தேன்.

செப்டம்பர் 10
பாதிப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். செக்கிங்கில் என் பெயர் இல்லை. அவருக்கு வேறு கம்பெனியில் இரண்டு நாள் அயர்ன் வேலை கிடைத்திருக்கிறது.