முழங்கை ஒட்டு

ஆடையின் முதுமையை முதலில் அறிவிப்பது முழங்கையே. எழுதுபவர் மேசைமீது ஊன்றுவதும் அதனையே. வாசிப்பவர் தலையைத் தாங்க ஊன்றுவதும் அதனையே. கை மடங்குந்தோறும் அவ்விடத்துத் துணி இழுபடுகின்றது, ஊன்றுந்தோறும் தேய்கின்றது. கம்பளி மயிர்கள் சிறிது சிறிதாக உதிர, ஊடும் பாவும் தனித்தனியே புலப்படத் தொடங்கும். கோட்டின் ஏனைய பகுதிகள் இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடியனவாயிருக்க, உள்ளங்கையளவான ஓரிடத்தின் பொருட்டு முழு ஆடையையும் எறிந்துவிடுவதா? இவ்வினாவுக்கு மேலைநாட்டார் கண்ட விடைகளுள் ஒன்றே தோல் ஒட்டு.

தோல் நெய்யப்பட்டதன்று, அதன் நார்கள் பல திசைகளிலும் பின்னிக் கிடப்பன. ஆதலின் உராய்வை நெடுங்காலம் தாங்கவல்லது. ஆயினும், நல்ல தோல் கிடைத்தமையால் மட்டும் நல்ல ஒட்டு அமைந்துவிடாது. கோட்டை அணிந்து, கையை மடக்கிய நிலையிலேயே முழங்கை படும் இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்தல் வேண்டும். துளை விழுந்திருப்பின், முதலில் இழையோட்டி அதனை அடைத்தல் வேண்டும். ஒட்டானது நைந்த பகுதியைக் கடந்து திடமான துணியைப் பற்றுதல் அவசியம். நைந்த துணியில் இட்ட தையல் அத்துணியையே கிழித்துவிடும். ஒட்டு முட்டை வடிவாயிருப்பதும் அழகு கருதி மட்டுமன்று. மூலைகள் இருப்பின் அவையே முதலிற் கிளம்பும். தடித்த தோல் துணியை இழுத்துத் தொங்கச்செய்யுமாதலின், மெல்லியதாய் வளைந்துகொடுக்கும் தோலே ஏற்றது. தோலில் ஊசி இட்ட துளை மீண்டும் மூடாது. தையல் மிக நெருங்கின், தபால் முத்திரையின் ஓரம்போல் அது அறுந்துவிடும். உள்துணியைச் சேர்த்துத் தைத்துவிடாதபடி அதனைப் பிரித்து ஒதுக்குதலும் தையற்காரர் அறிந்த நுட்பமாகும்.

இத்தகைய செப்பனிடும் தொழில் ஒரு நாட்டின் பொதுக் கடமையாகவே உயர்ந்த காலமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 யூன் 1ஆம் திகதி பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஆடவரின் உள்துணி வைத்த கோட்டு ஒன்றுக்கு மாத்திரம் 13 கூப்பன்கள் தேவைப்பட்டன. செல்வரும் கூப்பனின்றிச் சட்டப்படி புத்தாடை வாங்க இயலாது. 1943இல் வர்த்தகச் சபை, உள்ளதைக்கொண்டு சமாளித்துப் பழுதுபார்க்குமாறு மக்களை அறிவுறுத்தும் கைந்நூலொன்றையும் வெளியிட்டது. 1949 மார்ச்சு வரை இப்பங்கீடு நீடித்தது. பலரது முழங்கையும் ஒருங்கே நைந்திருந்த அக்காலத்தில், ஒட்டு வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. சிக்கனத்தின் சான்றாகவே மதிக்கப்பட்டது.

பங்கீடு ஒழிந்தது, ஒட்டு ஒழியவில்லை. பல்கலைக்கழக ஆசிரியரின் ருவீட் கோட்டில் அது நிலைபெற்று, காலப்போக்கில் கல்விமானின் அடையாளமாகவே மாறியது. திரைப்படங்களிற் பேராசிரியரைச் சித்திரிக்க விரும்புவோர்க்குப் பழுப்புநிறத் தோல்த்துண்டு இரண்டு கைகொடுத்தன. ஆடை வணிகரும் இதனை உணர்ந்து, சற்றும் நையாத புதுக் கோட்டிலேயே ஒட்டுகளைத் தைத்து விற்கலாயினர். தேய்வை மறைக்கப் பிறந்தது, தேய்வே இல்லாதவிடத்து அணியாயிற்று.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. கூலியாளின் சட்டையில் உள்ள ஒட்டை உலகம் வறுமை என்கின்றது. கல்விமானின் கோட்டில் உள்ளதை எளிமை என்கின்றது. ஊசியும் நூலும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. வேறு கோட்டு வாங்க வல்லவர் அணியும் ஒட்டு பெருமை தருகின்றது. வல்லமையற்றவர் அணிவதோ தலைகுனியச் செய்கின்றது. எனவே, இழிவு ஒட்டில் இல்லை. மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்விலேயே உள்ளது. கூப்பன் காலம் அவ்வேற்றத்தாழ்வைச் சிறிது குறைத்தபோது இழிவும் உடன் குறைந்தமை இதற்குச் சான்றாகும். புதுக் கோட்டில் வீண் ஒட்டை விரும்பி அணியும் சமுதாயம், நைந்த சட்டையை நேர்மையாகச் செப்பனிட்டு உடுத்துபவரையும் அதே மதிப்புடன் நோக்கக் கற்றல் வேண்டும்.