பெத்சதா குளக்கரையில்

தவக்காலத்தின் நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில், பெத்சதா குளக்கரையில் கிடந்த மனிதரைப் பற்றிய நற்செய்திப் பகுதி வாசிக்கப்படும். முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவர் அவர். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டபோது, அவர் தம் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதையும், தமக்கு முன் வேறொருவர் இறங்கிவிடுவதையுமே முறையிட்டார். மறையுரை ஆற்றுவோர் பெரும்பாலும் அந்த நோயாளரைப் பற்றியே பேசுவர். என் மனமோ, முந்தி இறங்கியவரைத் தேடிச் செல்லும். அவர் யார்? கரையேறித் திரும்பியபோது, பின்னால் கிடந்தவரை ஒருமுறையேனும் பார்த்தாரா? இக்கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. நானும் ஒருமுறை முந்தி இறங்கியவன்.

1994-ஆம் ஆண்டு. என் தம்பிக்கு வளைகுடா நாட்டில் வேலை உறுதியாகியிருந்தது. நுழைவு அனுமதியின் தவணை ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு மட்டும் வந்தபாடில்லை. அக்காலத்தில் விண்ணப்பம் நடந்த வழியை அறிந்தோர் அறிவர். படிவத்தின் படிகள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து உள்ளூர் நிலையத்துக்கு வரும். காவலர் வீடு தேடி வந்து விசாரிப்பார். அறிக்கை அதே வழியில் திரும்ப வேண்டும். பிறகே அலுவலகத்தில் ஒருவர் பெயரையும் ஊரையும் கையால் எழுதி, நிழற்படம் ஒட்டி, முத்திரையிட்டு, பதிவு அஞ்சலில் அனுப்புவார். இடையில் கோப்பு எங்கே உறங்குகிறது என்று கேட்டறிய வழியில்லை. கேட்க வேண்டுமானால் நேரில் போகவேண்டும்.

ஐந்து மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து போனேன். விடியற்காலையிலேயே வரிசை மதிலைச் சுற்றி வளைந்திருந்தது. எனக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றார். கொத்தனார் வேலை. தங்கையின் நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டியிருந்தார். அவருடைய தவணை இரண்டு வாரத்தில் முடிவதாக இருந்தது. நான் கொண்டுபோயிருந்த இட்லிப் பொட்டலத்தை இருவரும் பகிர்ந்து உண்டோம். நான் ஆசிரியர் என்று அறிந்ததும், "சார், உள்ளே உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் என் நம்பரையும் கொஞ்சம் கேளுங்கள்" என்று ஒரு துண்டுத்தாளில் தம் கோப்பு எண்ணை எழுதித் தந்தார். என் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "கட்டாயம் கேட்கிறேன், தம்பி" என்றேன்.

உள்ளே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். என் தந்தையிடம் படித்தவர். பக்கவாயில் வழியாக என்னை அழைத்துச் சென்று, தேநீர் வரவழைத்து, ஓர் அடுக்கின் அடியிலிருந்து தம்பியின் கோப்பை உருவி மேலே வைத்தார். பணம் ஏதும் கைமாறவில்லை. ஆதலால் குற்றமும் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். துண்டுத்தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கக் கை எழுந்தது. இரண்டாவது உதவி கேட்டால் முதலாவது கெட்டுவிடுமோ என்ற அச்சம் கையைத் தடுத்தது. வெளியே வந்தபோது அந்த இளைஞர் இன்னும் வரிசையில் நின்றார். நான் எதிர்ப்புறமாக நடந்தேன்.

பத்து நாளில் தம்பிக்குக் கடவுச்சீட்டு வந்தது. அதற்கடுத்த மாதம் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தவணை முடிந்துவிட்டதாகவும், இனி என்னைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்றும், என் முயற்சிக்கு நன்றி என்றும் அந்த இளைஞர் எழுதியிருந்தார். அந்த நன்றியைத்தான் இன்றுவரை என்னால் தாங்க இயலவில்லை.

என் தம்பியின் கோப்பு மேலே ஏறியதால்தான் அவருடையது தங்கிப்போயிற்று என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் அடியில் ஒன்று கிடந்தால்தானே ஓர் அடுக்குக்கு மேல் என்று ஒன்று உண்டு! செய்த பாவங்களோடு செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே நாம் திருப்பலியின் தொடக்கத்தில் அறிக்கையிடுகிறோம். அந்த இடம் வரும்போதெல்லாம் என் நெஞ்சில் விழும் கை, ஒரு துண்டுத்தாளின் மேல் விழுகிறது.

வெளிநாடு செல்வது அரசு விரும்பினால் தரும் சலுகையன்று, அது தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அவ்வாண்டு ஜூன் 24 அன்று கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. உரிமையை ஏட்டில் எழுதியாயிற்று. ஆனால் அந்த ஏட்டுக்கும் வரிசையில் நின்றவருக்கும் இடையே, அறிமுகம் உள்ளவர் மட்டுமே கடக்கக்கூடிய பக்கவாயில் ஒன்று நெடுங்காலம் திறந்தே இருந்தது.

2014-இல் திருநாட்டுப் பயணத்துக்காக நானே விண்ணப்பித்தபோது, உலகம் மாறியிருந்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரு, சண்டிகர் வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய கடவுச்சீட்டுச் சேவை மையங்கள், இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் 77 ஆகப் பெருகியிருந்தன. கணினியில் விண்ணப்பித்து, குறித்த நாளில் குறித்த நேரத்துக்குச் சென்றால் போதும். டோக்கன் தந்தார்கள். முதல் கவுன்டரில் தனியார் நிறுவன ஊழியர் படம் எடுத்து, விரல்ரேகை பதிந்து, ஆவணங்களைக் கணினியில் ஏற்றினார். இரண்டாவதில் அரசு அலுவலர் சரிபார்த்தார். மூன்றாவதில் மற்றோர் அரசு அலுவலர் முடிவு சொன்னார். பலகையில் எண் ஒளிர்ந்தது, எழுந்து போனேன். எனக்கு அங்கே எவரையும் தெரியாது, தெரிந்திருக்கவும் தேவையில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவாகப் பெறும் தட்கல் வழி இருந்தது. ஆனால் அதுவும் விதியாக எல்லாரும் அறிய எழுதப்பட்டிருந்தது. காவல்துறை விசாரணையும் நீங்கவில்லை. எனினும் பக்கவாயில் அடைபட்டிருந்தது. நான் உள்ளூர நன்றி செலுத்தினேன். கூடவே வெட்கமும் அடைந்தேன்.

ஆயினும் குளம் வற்றிவிடவில்லை. எனக்கு அருகில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். வெளிநாட்டில் செவிலியராக உள்ள மகளின் பேறுகாலத்துக்குப் போகவேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் சூசையம்மாள். குடும்ப அட்டையில் ஜோசப்பின். வாக்காளர் அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டல். நம் வீடுகளில் இது புதிதா? அந்தோணி என்ற ஒரு பெயருக்கு ஒரே குடும்பத்தில் நான்கு வகை ஆங்கில எழுத்துக்கள் உண்டு. தந்தை பெயரின் தலையெழுத்தே நமக்குப் போதும். படிவமோ அதை விரித்து எழுதச் சொல்கிறது. இணையக் கடைச் சிறுவன் எதையோ நிரப்பித் தந்திருந்தான். முதல் கவுன்டரிலேயே அவரைத் திருப்பி அனுப்பினர். அலுவலர் கடிந்து பேசவில்லை. விதியைச் சொன்னார், அவ்வளவே. அந்தப் பாட்டிக்கோ விதி எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதே விளங்கவில்லை. முன்பு இறக்கிவிட ஆள் தெரிந்திருக்க வேண்டும். இப்போது இறங்கும் படிகளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இம்முறை நான் எதிர்ப்புறமாக நடக்கவில்லை. "அம்மா, காகிதங்களை எடுங்கள், பார்ப்போம்" என்று அருகில் அமர்ந்தேன். எந்தப் பெயரை நிலையாகக் கொள்வது, எந்தச் சான்றைத் திருத்துவது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதங்களில் மூன்று முறை என் வீட்டுக்கு வந்தார். நான்காம் முறை வந்தபோது கையில் நீலநிறக் கடவுச்சீட்டு இருந்தது.

அவ்வாண்டு எருசலேமில், புனித அன்னா ஆலயத்தை ஒட்டி அகழ்ந்தெடுக்கப்பட்ட பெத்சதா குளத்தைக் கண்டேன். ஆழத்தில் சிதைந்த வளைவுகள், புல் முளைத்த கற்கள். உடன் வந்தோர் ஆலயத்துக்குள் பாடச் சென்றனர். நான் கைப்பிடிச் சுவரருகே நின்று, அஞ்சலட்டை எழுதிய அந்த இளைஞருக்காகச் செபித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று அறியேன். ஆண்டவர் அந்த நோயாளரைக் குளத்தில் இறக்கிவிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்துவோர், பிந்துவோர் என்ற அந்தப் போட்டியையே அவர் பொருட்படுத்தவில்லை. கிடந்தவரிடம் தாமே நடந்து சென்றார்.

2017 முதல் அஞ்சலகங்களிலும் கடவுச்சீட்டு மையங்கள் திறக்கப்பட்டன. 2024-இல் மின்னணுச் சில்லு பதித்த கடவுச்சீட்டுகளும் வரத் தொடங்கின. நல்லது, வரவேற்போம். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின், எங்கள் பங்கு மன்றத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறோம். பங்குத்தந்தை திருமுழுக்குப் பதிவேட்டைத் தேடித் தருகிறார். கல்லூரிப் பிள்ளைகள் கணினியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய தொண்டு ஒன்றுமில்லை.

அந்த அஞ்சலட்டை இன்னும் என் செபப்புத்தகத்தில் இருக்கிறது. மேசையருகே யாரேனும் தயங்கி நின்றால், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாருங்கள், உட்காருங்கள்" என்கிறேன்.