நாகபுரியும் மின்சாரக் கார்களும்

நாகபுரி என்றதும் நம்மவர்களுக்கு ஆரஞ்சுப் பழமும், சென்னைக்கும் தில்லிக்கும் நடுவே ஜி.டி. எக்ஸ்பிரஸ் நின்று செல்லும் பெரிய நிலையமும் நினைவுக்கு வருவது இயல்பு. தெற்கையும் வடக்கையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியாகவே செல்கின்றது. இவற்றோடு இந்நகருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மின்சார வாடகைக் கார்களைப் பெருந்தொகுதியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை நம் நாட்டில் முதன்முதலாக நடைபெற்ற ஊர்களுள் இது ஒன்று.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓலா நிறுவனம் ஏறத்தாழ 200 மின்சார வண்டிகளை இங்கே ஓடவிட்டது. அவற்றுக்கு மின்னேற்றம் செய்ய நகரின் நான்கு இடங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள் அமைக்கப்பட்டன. வண்டிகளுக்கும் நிலையங்களுக்குமாக 50 கோடி ரூபாய்க்கு மேல் முதலிடப்படும் என்று அறிவித்தனர். அதே ஆண்டு நவம்பரில் பெட்ரோல் பங்க் ஒன்றிலும் மின்னேற்ற நிலையம் திறக்கப்பட்டது. நாட்டில் பெட்ரோல் பங்கில் அமைந்த முதல் நிலையம் அதுவே என்று பாராட்டப்பட்டது.

ஆயினும் ஓராண்டு நிறைவதற்குள்ளேயே குறைகள் தலைகாட்டின. மின்னேற்றத்துக்காக ஓட்டுநர்கள் நெடுநேரம் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்கு வருமானம் இழந்த நேரமாயிற்று. வண்டிகள் சாலையை அடைத்து நிற்கின்றன என்று குடியிருப்போர் முறையிட்டதால் நிலையம் ஒன்றை மூடவும் வேண்டியதாயிற்று. ஓட்டுநர்களுள் சிலர் மீண்டும் டீசல் வண்டிக்கே திரும்பினர். வாகனம் இருந்தும் நிலையம் போதாமையால் வந்த இடர் இது.

அப்படியானால் நிலையங்களை ஏராளமாகக் கட்டிவிட்டால் போதாதா என்று அன்பர்கள் கேட்கலாம். இங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கின்றது. 60 கிலோவாட் விரைவு மின்னேற்றக் கருவி ஒன்று நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் முழு அளவில் வேலை செய்வதாகக் கொள்வோம். 120 யூனிட் விற்பனையாகும். மின்சார விலை போக யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சினால் நாள் வரவு 600 ரூபாய். இடத்துக்கு வாடகை, காவற்காரர் சம்பளம், பழுதுபார்ப்பு, கடனுக்கு வட்டி ஆகிய அனைத்தும் இந்த 600 ரூபாய்க்குள் அடங்கியாக வேண்டும். கருவிக்கும், டிரான்ஸ்பார்மருக்கும், கேபிளுக்கும் பல இலட்சம் ரூபாய் செலவிட்டவருக்கு முதல் எப்பொழுது திரும்பும்? அதே கருவி ஆறு மணி நேரம் வேலை செய்தால் வரவு 1,800 ரூபாயாகின்றது. செலவோ பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆகவே, கார்கள் வந்தால்தான் நிலையம் பிழைக்கும். நிலையம் இருந்தால்தான் மக்கள் கார் வாங்குவர். இடைப்பட்ட வெற்று ஆண்டுகளின் நட்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி.

இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இக்கேள்வி புதியதன்று. பம்பாயிலிருந்து புறப்பட்ட ஜி.ஐ.பி. இரயில்வே 1867இல் நாகபுரியை எட்டியது. அந்தப் பாதைக்கு முதலிட்டவர்கள் துணிந்து முன்வந்ததற்குக் காரணம், 1849ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி முதலுக்கு 5 சதவீத வருவாயை அரசு உறுதியளித்திருந்ததேயாகும். வண்டியில் கூட்டம் இல்லாத ஆண்டுகளில் குறைந்த தொகையை மக்களின் வரிப்பணம் ஈடுசெய்தது. பாதை வந்தது, நன்மையும் வந்தது. ஆனால் எவ்வளவு செலவிட்டாலும் வருவாய் உறுதி என்றிருந்ததால், கம்பெனிகள் சிக்கனத்தை மறந்தன என்ற கண்டனமும் எழுந்தது.

இன்று நம் அரசும் கை கொடுக்கின்றது. 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் 7,432 விரைவு நிலையங்களுக்கென 800 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்னேற்ற நிலையங்களுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இவ்வுதவி பெரும்பாலும் நிலையத்தை நிறுவும் செலவுக்கே ஆகும். நிறுவியபின் கருவி பழுதாகி நின்றால் அதனைச் சீர்செய்வார் யார்? திறப்பு விழா கண்ட கருவிகள் சில, வேலை செய்யாமல் துணி போர்த்தி நிற்பதை நானே இந்நகரில் கண்டிருக்கிறேன். மானியத்தின் ஒரு பகுதியை, கருவி ஓடிய நாட்களைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் அளித்தால், பழைய உறுதிமுறையின் குறை நேராது. தில்லியில் செய்துள்ளதுபோல, நிலைக்கட்டணம் இன்றி, எடுத்த யூனிட்டுக்கு மட்டும் மின்வாரியங்கள் பணம் பெறுவதும், கூட்டம் குறைந்த ஆண்டுகளில் நிலையத்தாருக்குப் பேருதவியாகும்.

இது நம் குடும்பங்களைத் தொடும் செய்தியாகும். சொந்த வீட்டில் வண்டி நிறுத்த இடமுள்ளவர் இரவில் வீட்டு மின்சாரத்திலேயே ஏற்றிக்கொள்வார். அதற்குச் சரக்கு-சேவை வரி கிடையாது. மாற்றலுக்கு மாற்றல் ஊர் பெயரும் நாமோ மாடிக்குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்கள். பொது நிலையத்தையே நம்ப வேண்டும். அங்கே 18 சதவீத வரியும் சேர்கின்றது. வசதி குறைந்தவர் கூடுதலாகக் கொடுக்கும் இந்நிலை மாறினாலன்றி மின்சாரக் கார் எல்லோருக்கும் உரியதாகாது.

பொங்கலுக்குக் காரிலேயே ஊர் செல்ல எண்ணும் அன்பர்கள் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். ஒருமுறை ஏற்றினால் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வழியில் மூன்று நான்கு முறையேனும் மின்னேற்றம் தேவை. சாதாரண நாட்களில் ஆளின்றிக் கிடக்கும் நிலையங்களில், பண்டிகை நாட்களில் வரிசை நீளும். நம் இரயில் வண்டிகளின் கதையும் இதுவே. புறப்படுமுன் வழியிலுள்ள நிலையங்கள் எவை, அவற்றுள் இன்று இயங்குபவை எவை என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். நம் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டங்களிலும், வண்டி நிறுத்துமிடத்தில் பொது இணைப்பு ஒன்று பெறும் தீர்மானத்தை அன்பர்கள் முன்மொழிய வேண்டுகிறேன். பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் அச்செலவு ஒருவருக்கும் பெரிதாக இராது.