கிளுவை வேலியில் ஏறிய கண்வலிக் கொடி

ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி போகும் சாலையோரம், மழைக்காலத்தில் கிளுவை வேலி முழுக்கக் கண்வலிப் பூ பூத்துக் கிடக்கும். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. போன ஐப்பசியில் போனபோது வேலியே இல்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"கிளுவைய வெட்டுனப்பவே கொடியும் போச்சு சாமி. கெழங்கையும் யாரோ நோண்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக, நாமக்கல், கரூர் தாண்டி மூலனூர் பக்கம் போனேன். அங்கே அதே கொடியைக் கம்பிப் பந்தலில் ஏற்றி, ஏக்கர் கணக்கில் வெள்ளாமை செய்கிறார்கள். விதையில் கிடைக்கும் கோல்சிசின், கீல்வாத மாத்திரைக்குப் போகிறது. காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சூல்தண்டு ஒரு பக்கமா மடங்கி நிக்குதுங்க. தானாச் சேரட்டும்னு விட்டா காய் கம்மிங்க. எட்டு மணியிலிருந்து பதினொண்ணுக்குள்ள நாமளே சேத்து வுட்டாத்தான் உண்டுங்க" என்றார் தோட்டக்காரர். மாசியில் கிழங்கு எடுத்தபோது எனக்கும் எட்டுக் கிழங்கு கொடுத்தார்.

கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். முளை அதன் நுனியில்தான் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. நிழலில் உலர்த்தி வைத்திருந்து, ஆடி மழைக்கு எங்கள் வேலியோரம் நான்கு விரல் ஆழத்தில் நட்டேன். ஆறு முளைத்தன. ஒன்று நுனி ஒடிந்தது. இன்னொன்று தண்ணீர் தேங்கிய இடத்தில் அழுகிவிட்டது. வடிகால் உள்ள செம்மண்தான் இதற்கு ஏற்றது.

இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும். கட்டிவிட வேண்டியதில்லை, பிடிக்க ஒரு குச்சி இருந்தால் போதும். கறுப்பு உடம்பில் புள்ளி போட்ட புழு வந்தால் உடனே பொறுக்கி எடுங்கள். விட்டால் இலையை மொட்டையாக்கிவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். கிழங்கும் விதையும் கொடிய விஷம். கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மரவள்ளி, சேனை வைக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காட்டில் இருப்பதைத் தோண்டாதீர்கள். விதையிலிருந்து வரும் செடி பூக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரு நாளில் தோண்டியதை அத்தனை சுலபத்தில் திரும்ப வளர்க்க முடியாது. கம்பி வேலி போட்டாலும் ஓரத்தில் பத்தடி கிளுவையை விட்டுவையுங்கள். கொடி ஏற அது போதும்.

இந்தக் கார்த்திகையில் எங்கள் வேலியில் ஆறு கொடியும் பூத்திருக்கின்றன.